அடுத்த பிராசசர் எத்தனை கிகாஹெர்ட்ஸ்? ஒரு ரயில்வேக்காரரின் கணக்கு

ஜூன் மாதம் வந்துவிட்டால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, இனி ஒரு லேப்டாப் வாங்க வேண்டும். சிலர் சேமிப்பிலிருந்து எடுக்கிறார்கள். சிலர் மாதத் தவணையில் வாங்குகிறார்கள். சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு. ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்பது நம்மில் பலருக்கு இரண்டு மூன்று மாத வருமானம். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கும் பொருளுக்குக் கடைக்காரர் காட்டும் முதல் எண், "4.4 கிகாஹெர்ட்ஸ்". பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "அடுத்த வருஷம் இதைவிட வேகமாக வருமே, அதுவரை பொறுக்கலாமா?" என்பது.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்து, ரயில்வேயில் மின்சாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் வோல்டேஜ், கரண்ட், சூடு, நேர அட்டவணை இவற்றோடு காலம் கழித்தவனுக்கு இந்த விஷயம் அவ்வளவு அந்நியம் இல்லை. இனி வரப்போகும் பிராசசர்களின் வேகத்தை முன்கூட்டியே ஓரளவு கணிக்க முடியும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பள்ளிக்கூடக் கணக்கு போதும். அதைத்தான் இங்கே போட்டுக் காட்டப் போகிறேன்.

நட்டுவனார் தட்டும் தாளம்

பரத நாட்டியத்தில் நட்டுவனார் தாளம் தட்ட, ஒவ்வொரு தட்டுக்கும் ஆடுகிறவர் ஓர் அடி எடுத்து வைக்கிறார் அல்லவா? கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. அதுதான் கடிகாரத் துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் வேலை ஒரு படி நகர்கிறது. ஒரு செகண்டுக்கு ஒரு துடிப்பு என்றால் ஒரு ஹெர்ட்ஸ். பத்து லட்சம் துடிப்பு என்றால் ஒரு மெகாஹெர்ட்ஸ். நூறு கோடி என்றால் ஒரு கிகாஹெர்ட்ஸ். 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு செகண்டில் 400 கோடி துடிப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒளியே ஏழரை சென்டிமீட்டர்தான் போக முடியும். அத்தனை குறுகிய நேரம் அது.

தாளத்தை விரைவாகத் தட்டினால் ஆட்டமும் விரைவாக முடியும் என்பது சரிதான். ஆனால் ஆடுகிறவருக்கு மூச்சு வாங்குமே! கம்ப்யூட்டர் கதையும் அங்கேதான் திரும்புகிறது.

முப்பத்தெட்டு சதவீத வட்டி

ஐபிஎம் நிறுவனம் 1984-ல் வெளியிட்ட 'பிசி ஏடி' கம்ப்யூட்டர் 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. இருபது வருஷம் கழித்து, 2004-ல், இன்டெலின் பென்டியம் 4 பிராசசர் 3.8 கிகாஹெர்ட்ஸை, அதாவது 3,800 மெகாஹெர்ட்ஸை எட்டியது. 630 மடங்குக்கு மேல்! இதைக் கூட்டு வட்டிக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்குச் சுமார் 38 சதவீதம் வருகிறது. இரண்டேகால் வருஷத்துக்குள் வேகம் இரட்டிப்பாகிறது. அந்தக் காலத்தில் "ஒரு வருஷம் பொறுத்து வாங்கு" என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

வரைபடத் தாளில் இந்தப் புள்ளிகளை வைத்தால் கோடு நேராக மேலே ஏறும். பார்க்கிற எவருக்கும் அதை அப்படியே நீட்டத்தான் கை வரும். பெரிய நிபுணர்களும் நீட்டினார்கள். பென்டியம் 4 வந்தது 2000 நவம்பரில், ஒன்றரை கிகாஹெர்ட்ஸில். அதே வடிவமைப்பை 10 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டு போகலாம் என்று இன்டெல் தரப்பிலேயே பேச்சு இருந்தது. நடந்தது வேறு. அடுத்து வரவேண்டிய 'தேஜஸ்' என்ற பிராசசரை 2004 மே மாதம் இன்டெல் கைவிட்டது. அதே வருஷம் அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையும் ரத்து செய்தது. அதன் தலைவர் கிரெய்க் பேரட் ஒரு மாநாட்டு மேடையில் வேடிக்கையாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டது அப்போது செய்தியாக வந்தது.

பத்து எங்கே, நான்கு எங்கே! அவர்கள் புத்திசாலிகள்தான். கோட்டை நீட்டினார்களே தவிர, அந்தக் கோட்டைத் தாங்கிக்கொண்டிருந்த தூண் எது என்று பார்க்கவில்லை.

தூண் எது?

அந்தத் தூணின் பெயர் வோல்டேஜ். சில்லு எடுத்துக்கொள்ளும் மின்சக்திக்கு ஒரு சூத்திரம் உண்டு. வோல்டேஜின் வர்க்கத்தை வேகத்தால் பெருக்கினால் வருவதற்கு ஏற்ப மின்சக்தி கூடும். வோல்டேஜ் பாதியானால் மின்சக்தி கால் பங்காகும். ஐபிஎம்மைச் சேர்ந்த ராபர்ட் டெனார்டும் அவர் குழுவினரும் 1974-ல் ஒரு வழி காட்டினார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொண்டே வந்தால், அதே இடத்தில் அதிக டிரான்சிஸ்டர்களை வைத்து, அதிக வேகத்தில் ஓட்டினாலும் சூடு கூடாது என்பது அவர்கள் காட்டிய கணக்கு.

நம் ரயில்வேயில் இது நேர்மாறு. மும்பை லோக்கல் பாதையில் 1925 முதல் 1,500 வோல்ட் நேர்மின்சாரம்தான் இருந்தது. அதை 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றும் வேலை 2016-ல் முடிந்தது. எங்களுக்கு வோல்டேஜ் ஏறினால் லாபம், சில்லுக்கு இறங்கினால் லாபம். 1980-களில் சில்லுகள் 5 வோல்ட்டில் ஓடின. பிறகு 3.3 ஆயிற்று. 2004 வாக்கில் சுமார் 1.4-க்கு வந்தது. அங்கே இறக்கம் ஏறக்குறைய நின்றுவிட்டது. அதற்கும் கீழே போனால் டிரான்சிஸ்டர் என்ற குழாயைச் சரியாக மூட முடியாது. மூடிய பிறகும் மின்சாரம் கசியும். கசிவும் சூடுதான். ஆகவே வோல்டேஜ் இன்றுவரை ஒரு வோல்ட்டின் சுற்றுவட்டாரத்திலேயே நிற்கிறது.

சூடு எவ்வளவு என்று பார்ப்போம். நம் வீட்டு இஸ்திரிப்பெட்டி 1,000 வாட். அடித்தட்டு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ன் சில்லு ஒரு சதுர சென்டிமீட்டரைவிடச் சற்றுப் பெரிது. அது எடுத்துக்கொண்டது 115 வாட். அதாவது, அதே அளவு இடத்தில் இஸ்திரிப்பெட்டியைப்போல் இருபது மடங்கு சூடு. அதை ஒரு விசிறி வைத்து ஆற்ற வேண்டும். இதைவிட வேகமாகத் தாளம் தட்டினால் ஆடுகிறவர் மயங்கி விழ வேண்டியதுதான்.

வேகம் வேண்டாம், பெட்டியைக் கூட்டு

மும்பையில் கூட்டம் பெருகியபோது ரயில்வே என்ன செய்தது? தாதருக்கும் மாட்டுங்காவுக்கும் சயனுக்கும் குர்லாவுக்கும் நின்று நின்று போகிற ஸ்லோ வண்டியை மணிக்கு 200 கிலோமீட்டரில் விட்டால் பயன் உண்டா? வேகம் எடுக்கும் முன்பே பிரேக் போட வேண்டி வரும். ஆகவே 9 பெட்டி 12 ஆயிற்று. சில வண்டிகளில் 12 பெட்டி 15 ஆயிற்று. பாதைகளும் கூடின. அதே வேகம், அதிக ஜனம்.

கம்ப்யூட்டரிலும் இந்த 'நின்று நின்று போகிற' சங்கடம் உண்டு. பிராசசர் கேட்கும் தகவல் மெமரியிலிருந்து வந்து சேர, பல சமயம் முந்நூறு துடிப்பு நேரம் ஆகிவிடும். அதுவரை பிராசசர் பிளாட்பாரத்தில் நிற்கிற வண்டி மாதிரிதான். தாளத்தை மட்டும் விரைவாக்கினால் நிற்கும் நேரம் குறையாது.

பெட்டியைக் கூட்டுவதுபோல், ஒரே சில்லுக்குள் இரண்டு, நான்கு, எட்டு என்று பல பிராசசர்களை வைப்பதுதான் 'மல்டி கோர்'. ஒவ்வொன்றும் ஒரு கோர். இதில் உள்ள லாபத்தை ஒரு சின்னக் கணக்கில் காட்டலாம். வேகத்தைக் குறைத்தால் வோல்டேஜையும் கொஞ்சம் குறைக்கலாம். இரண்டையும் 20 சதவீதம் குறைக்க முடிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மின்சக்தி 0.8 × 0.8 × 0.8, அதாவது ஏறக்குறைய பாதி. பழைய ஒரு கோருக்குச் செலவான மின்சாரத்திலேயே இப்போது இரண்டு கோர் ஓடும். ஒவ்வொன்றும் 0.8 பங்கு வேலை செய்தால் மொத்தம் 1.6 பங்கு வேலை. சூடு கூடாமல் 60 சதவீதம் லாபம்! இந்த ஒரு கணக்கு தெரிந்துவிட்டால் கடந்த இருபது வருஷத்துப் பிராசசர் சரித்திரம் முழுவதும் புரிந்துவிடும்.

ஐபிஎம்மின் 'பவர் 4' 2001-லேயே இரண்டு கோருடன் வந்தது. இன்டெல் 2005-ல் பென்டியம் டி-யைக் கொண்டுவந்தது. 2006-ல் வந்த 'கோர் 2 டியோ'வில் ஒரு வகை வெறும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். அது 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐப் பெரும்பாலான வேலைகளில் தோற்கடித்தது. காரணம், ஒரே துடிப்பில் அதிக வேலை செய்யும் புதிய வடிவமைப்பு. 2008-ல் பெங்களூரில் நம்மவர்கள் வடிவமைத்த இன்டெலின் 'டன்னிங்டன்' சில்லில் ஆறு கோர்கள். அதன் வேகமும் அதிகபட்சம் 2.66 கிகாஹெர்ட்ஸ்தான்.

வேகத்துக்குப் பதில் எண்ணிக்கை என்ற உத்தி நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 1980-களின் கடைசியில் அமெரிக்கா தன் 'க்ரே' சூப்பர் கம்ப்யூட்டரை நமக்குத் தர மறுத்தது. புனேயில் 1988-ல் தொடங்கிய சி-டாக் நிறுவனம் சாதாரணப் பிராசசர்கள் பலவற்றை இணைத்து 1991-ல் 'பரம் 8000'-ஐ உருவாக்கியது. அதே வருஷம் நம் செம்பூருக்குப் பக்கத்திலேயே, டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் 'அனுபம்' பிறந்தது. அதுவும் இன்டெல் பிராசசர்களைக் கூட்டுச் சேர்த்துச் செய்ததுதான். அன்று பல அட்டைகளில் பரப்பி வைத்ததை இன்று விரல் நகத்தளவு சில்லுக்குள் வைக்கிறார்கள்.

24 கோர் என்றால் 24 மடங்கா?

தாராவியில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், 24 கோர் இருந்தா 24 மடங்கு வேகமா ஓடும்லா?" நல்ல கேள்வி. இதற்கு ரயில்வே பணிமனையிலேயே விடை இருக்கிறது.

ஒரு பெட்டியைப் பழுது பார்க்க ஒரு குழுவுக்கு 5 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 4 மணி நேர வேலையைப் பல குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். பெட்டியைக் கிரேனில் தூக்கி இறக்கும் 1 மணி நேரத்தைப் பிரிக்க முடியாது, இருப்பது ஒரே கிரேன். நான்கு குழு போட்டால் 4 மணி நேரம் 1 மணி நேரமாகும். கிரேன் வேலையையும் சேர்த்து 2 மணி. இரண்டரை மடங்குதான் வேகம். 24 குழு போட்டால் 10 நிமிடமும் கிரேனுக்கு 1 மணியும். நாலேகால் மடங்கு. ஆயிரம் குழுவை நிறுத்தினாலும் ஐந்து மடங்கைத் தாண்டாது. ஜீன் ஆம்டால் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் 1967-லேயே எடுத்துச் சொன்ன விஷயம் இது.

ஆகவே கோர் எண்ணிக்கையும் மந்திரம் அல்ல. பிரிக்கக்கூடிய வேலைக்கு (படம், வீடியோ, பெரிய ஆராய்ச்சிக் கணக்கு) கோர் உதவும். பிரிக்க முடியாத வேலைக்கு ஒரு கோரின் வேகம்தான் உதவும். இதனால்தான் நிறுவனங்கள் கிகாஹெர்ட்ஸை முழுக்கக் கைகழுவவும் இல்லை.

சரி, அடுத்தது எவ்வளவு?

இப்போது கணிப்புக்கு வருவோம். மூன்று விதிகளை வைத்துக்கொண்டால் போதும்.

முதல் விதி: ஒற்றைக் கோரின் உச்ச வேகம் மெதுவாகத்தான் ஏறும். 2004-ல் 3.8. இருபது வருஷம் கழித்து, 2024 மார்ச்சில் வந்த இன்டெல் ஐ9-14900கேஎஸ் பிராசசரில் 6.2 கிகாஹெர்ட்ஸ். அதுவும் ஓரிரு கோர்களில், கொஞ்ச நேரத்துக்கு மட்டும். இதன் கூட்டு வட்டி வருஷத்துக்கு இரண்டரை சதவீதம், சேமிப்புக் கணக்கு வட்டி மாதிரி! இரட்டிப்பாக 28 வருஷம் வேண்டும். சில சமயம் இறங்கவும் செய்யும். அதே 2024 அக்டோபரில் வந்த அடுத்த தலைமுறை கோர் அல்ட்ரா 9 285கே-யின் உச்சம் 5.7 தான். வேகத்தை இழுத்துப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்கள் சில நிலைதடுமாறியதற்கு, அளவுக்கு மீறிய வோல்டேஜ் காரணம் என்று இன்டெலே 2024-ல் ஒப்புக்கொண்டு, உத்தரவாதக் காலத்தை இரண்டு வருஷம் நீட்டித்தது.

இரண்டாம் விதி: கோர் கூடினால் கிகாஹெர்ட்ஸ் இறங்கும். மின்சக்தி ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் போல. தலை கூடினால் தலைக்குக் கிடைக்கும் பங்கு குறையும். ஏஎம்டி நிறுவனம் 2024 அக்டோபரில் பெரிய கம்ப்யூட்டர்களுக்காக வெளியிட்ட ஒரே வரிசையைப் பாருங்கள். 64 கோர் உள்ள ஒன்று 5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். 192 கோர் உள்ள இன்னொன்றின் உச்சம் 3.7, அடிப்படை வேகம் 2.25 தான். நம் சி-டாக் 'ஓம்' என்ற பெயரில் 96 கோர் பிராசசரைத் திட்டமிட்டிருக்கிறது. அதன் வேகம் 3 கிகாஹெர்ட்ஸை ஒட்டித்தான் இருக்க முடியும் என்று இந்தக் கணக்கு எனக்குச் சொல்கிறது.

மூன்றாம் விதி: சில்லு எந்தத் தொழிற்சாலையில், எவ்வளவு நுண்ணிய அளவில் செய்யப்படுகிறது என்று பார்க்க வேண்டும். சென்னை ஐஐடி-யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய 'சக்தி' பிராசசர்கள் இதற்கு அருமையான உதாரணம். 2018-ல் அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் செய்தது சில நூறு மெகாஹெர்ட்ஸில் ஓடியது. சண்டிகருக்கு அருகே உள்ள நம் அரசு ஆலையில், பழைய 180 நானோமீட்டர் முறையில் செய்தது நூறைத் தொடவில்லை. மூளை ஒரே வீட்டுப்பிள்ளைதான், உடம்பு வேறு. 2025 டிசம்பரில் சி-டாக் அறிவித்த இரட்டைக் கோர் 'துருவ் 64' ஒரு கிகாஹெர்ட்ஸை எட்டியது. "ஒன்றுதானா?" என்று இளைஞர்கள் சிரிக்க வேண்டாம். ரேஷன் கடை இயந்திரத்துக்கும் சிக்னல் பெட்டிக்கும் ஒரு கிகாஹெர்ட்ஸ் தாராளம். அடுத்து 'தனுஷ்' வர இருக்கிறது. இன்னும் நுண்ணிய முறையில் செய்தால் அது இதைத் தாண்டும், ஆனால் ஒரே தாவலில் ஐந்துக்குப் போகாது.

கடையில் கேட்க வேண்டியது

இதெல்லாம் நம் வீட்டுப் பணத்துக்கு எப்படி உதவும்? விளம்பரத்தில் "4.4 கிகாஹெர்ட்ஸ் வரை" என்று இருந்தால், அந்த 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். 2022-ல் வந்த இரண்டு இன்டெல் பிராசசர்களைப் பாருங்கள். ஐ5-1235யு, ஐ5-12450எச். இரண்டுக்கும் உச்ச வேகம் ஒரே 4.4. முன்னதில் 10 கோர், பின்னதில் 8 கோர். எண்களை மட்டும் பார்த்தால் முன்னதுதான் உசத்தி. ஆனால் முன்னதற்கு ஒதுக்கிய அடிப்படை மின்சக்தி 15 வாட், பின்னதற்கு 45 வாட். பத்து நிமிடம் தொடர்ந்து கடுமையாக வேலை செய்தால், முன்னது மூச்சு வாங்கி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்னது தாக்குப்பிடிக்கும். மாறாக, பாடம் படிக்க, கட்டுரை எழுத, பையில் போட்டுக் கொண்டு வீரார் ஃபாஸ்டில் ஏறி இறங்க முன்னதுதான் வசதி, பேட்டரியும் நீண்ட நேரம் நிற்கும்.

ஆகவே கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பிராசசருக்கு எத்தனை வாட்? மெமரி எத்தனை ஜிபி, பிறகு கூட்ட முடியுமா? உள்ளே எஸ்எஸ்டி இருக்கிறதா? கிகாஹெர்ட்ஸ் நாலாவது கேள்வியாக இருக்கட்டும். 0.3 கிகாஹெர்ட்ஸ் அதிகம் என்பதற்காகப் பத்தாயிரம் ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் மெமரியைக் கூட்டினால் பிள்ளைக்கு நாலு வருஷம் உழைக்கும். வேகம் கூடும் என்று ஒரு வருஷம் காத்திருப்பதிலும் அர்த்தமில்லை. இரண்டரை சதவீதத்துக்காகப் பிள்ளையின் முதல் வருஷப் படிப்பைக் காக்க வைக்கலாமா?

கம்ப்யூட்டர் துறையில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பழைய காலத்தில் நாம் எழுதும் புரோகிராம் மெதுவாக ஓடினாலும் அடுத்த வருஷப் பிராசசர் அதை வேகமாக்கிவிடும். அந்த இலவச உணவு 2004-ஓடு முடிந்தது. இனி வேலையைச் சரியாகப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. கிரேன் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கத் தெரிந்தவரே நல்ல எஞ்சினியர், பணிமனையிலும் சரி, புரோகிராமிலும் சரி.

கணிப்பு என்று சொல்லிவிட்டு எண் சொல்லாமல் போவது முறையல்ல. எனவே என் எண்ணை எழுதுகிறேன். 2030-ல் கடையில் கிடைக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரின் உச்ச வேகம் 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும், 8 கிகாஹெர்ட்ஸைத் தொடாது. கோர்களின் எண்ணிக்கை மட்டும் இன்றைவிட நன்றாகக் கூடியிருக்கும். இந்த இதழைப் பத்திரமாக வைத்திருங்கள். அந்த வருஷம் எடுத்துப் பார்த்து, கணக்கு எப்படி என்று நீங்களே சொல்லுங்கள்.